அம்பயருக்கும் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர்கள் ஆடும் லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடர் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி யாராவது எழுதுவதே அபூர்வம். ஆனால் அம்பயர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. 1947-லிருந்து பென்சில்வேனியாவில் நடக்கும் அந்தத் தொடரில், டிவியில் நாம் பார்க்கிற அம்பயர்களுக்குச் சம்பளம் கிடையாது. எல்லோரும் தன்னார்வலர்கள். அங்குள்ள இரண்டாவது மைதானத்தின் பெயரே வாலண்டியர் ஸ்டேடியம்தான்.

இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம். மூன்று வருடத்துக்கு முன்னால், என் பையன் ஆடிய ஆட்டத்தில் அம்பயரைப் பார்த்துக் கத்தியவன் நான். பையன் தூக்கி அடித்த பந்தை ஃபீல்டர் கோட்டை விட்டான். அம்பயரோ அவுட் என்று கையை உயர்த்திவிட்டார். மதுரையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த வாய், சும்மா இருக்குமா? வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டேன். 'இன்ஃபீல்ட் ஃப்ளை' என்று ஒரு விதி இருப்பதே எனக்குத் தெரியாது. முதல் இரண்டு பேஸிலும் (ஓடுகிறவர்கள் நிற்கும் இடங்கள்) ஆள் நிற்கும்போது, வேண்டுமென்றே கேட்சை நழுவவிட்டு இரண்டு பேரை அவுட்டாக்கும் தந்திரத்தைத் தடுக்க, பிடித்தாலும் விட்டாலும் அடித்தவர் அவுட் என்று வந்த விதி அது. ஆட்டம் முடிந்ததும் அந்த அம்பயர் பெரியவர் வந்து பொறுமையாக விளக்கினார். அப்புறம், "சனிக்கிழமை காலையில் அம்பயராக நிற்க ஆள் போதவில்லை, வருகிறீர்களா?" என்றார்.

சரி என்று போனேன். நெஞ்சிலும் காலிலும் கவசம், முகத்தில் கம்பி மாஸ்க், உள்ளே வேர்வை. 46 அடி தூரத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் எறிகிற பந்து ஏறக்குறைய அரை நொடியில் வந்துவிடுகிறது. பேட்டரின் அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவில், தரையில் பதித்த 17 அங்குல அகலத் தட்டுக்கு மேலே போனதா இல்லையா? கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ அப்பீல் எப்போதாவதுதான் வரும். இங்கே பேட்டர் ஆடாமல் விடுகிற ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு சொல்ல வேண்டும். முதல் நாள் நான் நல்ல பந்து எத்தனை, தப்பான பந்து எத்தனை என்ற கணக்கைத் தப்பாகச் சொல்ல, எனக்கு முன்னால் குந்தியிருந்த கேட்சர் பையன் திரும்பிப் பார்க்காமலே, என் மானம் போகாதபடி மெதுவாகத் திருத்தினான்.

எங்கள் நியூ ஜெர்சி மாநிலத்திலேயே டெப்ட்ஃபர்ட் ஊரின் லிட்டில் லீக்கில், திட்டு தாங்காமல் அம்பயர்கள் இருவர் விலகியதும், 2023-ல் அந்த லீக் ஒரு விதி கொண்டுவந்தது. அம்பயரை ஏசுகிறவர், மூன்று ஆட்டத்துக்குத் தானே அம்பயராக நின்ற பிறகுதான் மறுபடி பார்க்க வரலாம். என்னைக் கேட்டால் ஒரு ஆட்டமே போதும்.

என் பையன் ஆடும் ஆட்டத்துக்கு நான் அம்பயராக நிற்பதில்லை. அன்றைக்கு வேலிக்கு இந்தப் பக்கம் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த ஆகஸ்டில் இறுதி ஆட்டத்தின் ஸ்கோரைப் போடும்போது, தட்டுக்குப் பின்னால் நின்றவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்சி