அந்த ஃபியூஸை யார் போட்டது?

அன்பு மகள் கோமதிக்கு,

நான் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர் செட் இருந்த பெட்டி வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கம் அட்டையை இரட்டையாக மடித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் கட்டியது நீதான் என்று தெரிந்தது. மற்றபடி என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று, யார் கையில் இருந்தபோது ஆயிற்று, ஒன்றும் இல்லை. போனில் கேட்டால், "பாட்டு வரவில்லை அப்பா, நீங்களே பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். ஆடித்தபசுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. அதையும் கேட்கக் கூடாது போலிருக்கிறது.

சரி, செட்டைப் பற்றி எழுதுகிறேன். இடது சேனலில், ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுக்கும் 3055 டிரான்சிஸ்டர்கள் இரண்டும் போய்விட்டன. மல்டிமீட்டரில் கலெக்டர், எமிட்டர் முனைகளுக்கு நடுவே எந்தப் பக்கம் வைத்தாலும் பூஜ்யம், அதாவது ஷார்ட். வலது சேனலில் மேலே உள்ளது மட்டும் ஷார்ட், கீழே உள்ளது பிழைத்திருக்கிறது. ஆனாலும் நான்கையும் மாற்றிவிட்டேன். ஜோடியில் ஒன்று செத்தால் மற்றது அடி வாங்கியிருக்கும், அதை நம்பி விடக்கூடாது. அவற்றை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்களும் போயிருந்தன. எஸ்எல்100, எஸ்கே100 இரண்டும் என் பழைய டப்பாவில் கிடந்தன, போட்டேன். இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும்போதே, கரண்டைத் தடுக்கும் மைக்கா தாள் வைக்காமல் டிரான்சிஸ்டரைச் சூடு தணிக்கும் ஹீட் சிங்கில் முறுக்கிய கடைப் பையனைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நீ. "கூடுதானே கலெக்டர், அது தகரத்தைத் தொட்டால் என்ன ஆகும்?" என்று அவனைக் கேட்டாய். அவன் இன்று சொந்தக் கடை வைத்திருக்கிறான். உன்னைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அப்படிப்பட்டவள் இருக்கும் வீட்டில் அந்த ஃபியூஸை யார் போட்டது?

2 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், எரிந்துபோன ஃபியூஸையே எடுத்துச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகியிருக்கிறார்கள். நீ செய்ய மாட்டாய். அது எனக்கு நிச்சயம். மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றுதான் பெண் பார்க்க வந்த அன்று அவருடைய மாமா நம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். யாராவது நண்பர் வந்திருப்பார், அவர் செய்திருப்பார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஃபியூஸ் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றாது என்பது உனக்குத் தெரியும். கம்பி உருகுவதற்குள் டிரான்சிஸ்டர் உயிரை விட்டுவிடும். ஃபியூஸ் இருப்பது டிரான்ஸ்ஃபார்மருக்காக, வீட்டுக்காக. தாளைச் சுற்றினால் அடுத்து எரிவது வயர், அதற்கடுத்து திரைச்சீலை. எமிட்டரில் நான் போட்டிருந்த 0.47 ஓம், 5 வாட் பீங்கான் ரெசிஸ்டர்கள் வெடித்துப் பிளந்திருக்கின்றன. அவற்றுக்குக் கீழே போர்டு கரியாகியிருக்கிறது. அது ஒரு நொடியில் ஆவதில்லை. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆன பிறகும் வெகுநேரம் செட் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வார்னிஷ் கருகும் அந்த வாடை பக்கத்து அறை வரை வரும். சின்ன வயதிலேயே அந்த வாடை வந்தால் படிப்பை விட்டு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்குவாய். ஆகையால் அந்த நேரத்தில் நீ வீட்டில் இல்லை. இருந்தவர்களுக்கு அந்த வாடை ஒரு பொருட்டாகப் படவில்லை.

ஸ்பீக்கர் திருகுகளில் மூன்று நிறத்து வயர் இழைகள் ஒட்டியிருந்தன. ஒரு சேனலில் பல ஸ்பீக்கர் பெட்டிகளை மாட்டியிருக்கிறார்கள். சேனலுக்கு 8 ஓம் பெட்டி ஒன்றுக்குத்தான் இந்தச் செட்டைச் செய்தேன். நான்கு பெட்டிகளை இணையாக மாட்டினால் 2 ஓம், நான்கு மடங்கு கரண்ட் கேட்கும். 3055 பதினைந்து ஆம்பியர் தாங்கும், 115 வாட் தாங்கும் என்று டேட்டா புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்பார்கள். அந்த 115 வாட் எப்போது? டிரான்சிஸ்டரின் கூடு 25 டிகிரியில் இருக்கும்போது. எந்த ஊரில், எந்த ஹீட் சிங்கில் அது 25 டிகிரியில் இருக்கிறது? கூடு 100 டிகிரிக்கு ஏறினால் அது தாங்குவது 65 வாட்தான். தாங்கும், தாங்கும் என்று சொல்லிக்கொண்டே ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. தெரிந்தவர்களாவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நீ எல்லாவற்றுக்கும் வாய் திறப்பவள்தானே, இப்போது மட்டும் என்ன?

அவுட்புட்டில் அந்த 2200 மைக்ரோஃபாரட் கபாசிட்டரை வைத்திருந்ததால் ஸ்பீக்கருக்கு டிசி, அதாவது நேர் மின்சாரம், போயிருக்காது. பழைய டிசைன் என்று நீ கேலி செய்தாயே, அந்தக் கபாசிட்டர்தான். உன் பெட்டிகள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றனவா? அவை யாரிடம் இருக்கின்றன? நம் வீட்டிலிருந்து கொண்டுபோனவை அவை, மறந்துவிடாதே.

டிரான்சிஸ்டர் வாங்க மதுரைக்குப் போனேன். முதலில் வாங்கியவை எடை குறைவாக இருந்தன, எழுத்து நகத்தால் சுரண்டினால் வந்தது. சந்தேகப்பட்டு ஒன்றின் மூடியை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே மிளகில் பாதி அளவுக்கு ஒரு சிலிக்கான் துணுக்கு. பழைய 3055-இல் அதைப் போல நான்கு வைக்கலாம். பேர் மட்டும் எழுதி விற்கிறார்கள். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இடத்தில் நல்லதாக வாங்கினேன். விலை கேட்காதே, பணமும் அனுப்பாதே. உன் பணத்தை உன் பெயரில் வைத்துக்கொள். உன் பெயரில் என்றால் உன் பெயரில் மட்டும்.

நல்லவற்றைப் போட்டும் ஒரு தொல்லை வந்தது. வால்யூம் பூஜ்யத்தில் இருக்கிறது, ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் ஹீட் சிங்க் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது. பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்டை, குறைத்தாலும் அதே சூடு. பிறகுதான் புரிந்தது. ஆர்சிஏ கம்பெனி அன்று செய்த 3055 மந்தமானது, ஒரு மெகாஹெர்ட்ஸைக்கூட எட்டாது. இப்போது வருபவை அதைவிட மூன்று மடங்கு வேகம். பழைய சர்க்யூட்டில் போட்டால் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் தானாகவே ஆடத் தொடங்கிவிடுகிறது. வெளியே நிசப்தம், உள்ளே வேகிறது. அவுட்புட்டில் 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் சேர்த்துப் பூமிக்கு இறக்கினேன், அடங்கியது. பயாஸை எமிட்டர் ரெசிஸ்டர் குறுக்கே 10 மில்லிவோல்ட்டுக்கு வைத்திருக்கிறேன், சுமார் 20 மில்லிஆம்பியர். இரண்டு டிரான்சிஸ்டரும் சேரும் நடுப்புள்ளி சரியாக 20 வோல்ட், சப்ளை 40. பயாஸைத் திருகி வைக்கும் ப்ரீசெட்டையும் மாற்றிவிட்டேன், பழையதில் துரு. ப்ரீசெட்டின் நடுமுனை விட்டுப்போனால் பயாஸ் தலைக்கேறி மறுபடியும் எல்லாம் போகும்.

மறுபடி சொல்கிறேன், சீரீஸ் பல்ப், அதாவது செட்டுக்குப் போகும் கரண்ட் வழியில் தொடராக மாட்டும் பல்ப், இல்லாமல் சுவிட்சைப் போடாதே. 60 வாட் குண்டு பல்ப் வேண்டும், எல்இடி உதவாது. இப்போது கடைகளில் குண்டு பல்ப் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது, அதனால் என்னிடம் இருந்த ஒன்றை ஹோல்டரோடு வைக்கிறேன். ஒரு முறை மின்னி மங்கினால் செட் நலம். மங்காமல் முழு வெளிச்சமாக எரிந்தால் உடனே அணைத்துவிடு. யார் அவசரப்படுத்தினாலும் சீரீஸ் பல்ப் இல்லாமல் போடாதே. போனை எடு. ராத்திரி எத்தனை மணியானாலும் எடு.

அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. தென்காசிச் சித்தி உன்னைப் பற்றிக் கேட்டாள். வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூரியர் சீட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அனுப்புநர் முகவரி நீங்கள் குடியிருக்கும் தெரு இல்லை. பெண்கள் விடுதி ஒன்றின் பெயர் இருந்தது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் தோழி யாராவது இருப்பாள், அவள் முகவரியில் அனுப்பியிருப்பாய் என்று அம்மாவுக்குச் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு சீட்டைச் சட்டைப்பையில் போட்டேன். அவள் கேட்கவே இல்லை. ஆனால் நேற்று உனக்கு அனுப்பக் கடலைமிட்டாய் வாங்கிவரச் சொன்னாள். எப்போதும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் சேர்த்து இரண்டு கிலோ சொல்வாள். இந்தத் தடவை அரைக் கிலோ போதும் என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

உன்னைக் கேள்வி கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. சர்க்யூட்டில் எந்த இடத்தில் தொடங்கியது என்று நீயே கண்டுபிடிப்பாய், அந்த மூளை உனக்கு உண்டு. ஆனால் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் கைவைக்கக் கூடாது. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டாய் என்றால் சரிதான், அதற்கு நம் வீட்டில் யாரும் உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். ஊர் சொல்லும். சொல்லட்டும், இந்த ஊரில் பாதி வீட்டு ரேடியோவை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

செட்டை இனிக் கூரியரில் அனுப்ப மாட்டேன். வரும்போதே டிரான்ஸ்ஃபார்மர் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை மைசூரு எக்ஸ்பிரஸில் நானே கொண்டுவருகிறேன், மடியில் வைத்துக்கொண்டு வந்தாலும் சரி. எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதை மட்டும் எழுது. விடுதி என்றால் ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்பார்கள், வாசல்வரை வருகிறேன். அங்கே சுவிட்ச்போர்டில் எர்த் வருகிறதா என்று முன்னதாகவே பார்த்து வை. ஃபேஸ் என்கிற கரண்ட் வரும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்தால் தெரியும். எரியவில்லை என்றால் வார்டனிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரச்சொல், நீ ஏணியில் ஏறாதே.

இப்படிக்கு,
அப்பா
கோவில்பட்டி