ஏரியாக மாறிய ஈயக் குட்டைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பிங் ஏரிப் பூங்காவில் காலை நடை செல்பவர்களுள் நானும் ஒருவன். பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத பாதை என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் தயங்காமல் ஒரு சுற்று வந்துவிடலாம். சென்ற வாரம் அங்கே பிள்ளைகளை அழைத்து வந்திருந்த ஒருவர், இந்த ஏரிகள் மலையிலிருந்து இறங்கிய நீர் தேங்கித் தானாகவே உண்டானவை என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். குறுக்கிட்டுத் திருத்த எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆகவே இக்கடிதம்.

இவை மனிதர் தோண்டியவை. தைப்பிங் அமைந்துள்ள லாருட் வட்டாரத்தில் மேல்மண்ணுக்கு அடியில் சரளையோடு கலந்து கிடந்த ஈயத் (வெள்ளீயத்) தாதுக்காக, 19-ஆம் நூற்றாண்டில் சீனத் தொழிலாளர்கள் திறந்தவெளிக் குழிகளை வெட்டினார்கள். அள்ளிய மண்ணை ஓடும் நீரில் அலசும்போது எடை கூடிய தாது மட்டும் அடியில் தங்கிவிடும். இந்தத் தொழிலை முன்னிட்டு கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீன இரகசியச் சங்கத்தாருக்கும் இடையே மூண்ட சண்டை, 1874-இல் பிரிட்டிஷார் முன்னின்று செய்த பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான பிறகே ஓய்ந்தது. ‘பேரமைதி’ என்று பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு ஓடத் தொடங்கிய நம் மலேசிய நாட்டின் முதல் ரயிலும் முதன்மையாக ஈயத்துக்காகவே போடப்பட்டது.

கைவிடப்பட்ட குழிகள் நிரம்புவதற்கு இந்த ஊரில் அதிக நாள் பிடித்திருக்காது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடமாயிற்றே! அக்குட்டைகளைச் சீர்செய்து 1880-இல் பூங்காவாக்கினார்கள். 1884-இல் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள், கிளை முழுக்கப் பெரணிச் செடிகளைச் சுமந்துகொண்டு, சாலைக்கு மேலே வளைந்து மறுபுறம் ஏரி நீரைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருக்கின்றன. நிழல் தேடி அவற்றின் கீழே நிற்கும்போது, நாம் நிற்பது ஒரு பழைய லம்பத்தின் (ஈயச் சுரங்கத்தின்) விளிம்பு என்ற எண்ணம் யாருக்கும் எழுவதில்லை.

சுரங்கக் கதையைச் சொன்னால் இடத்தின் அழகு கெட்டுவிடும் என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை; வெட்டிப் புண்ணாக்கிய நிலம் இவ்வளவு தழைத்திருப்பதை அறிந்தவனுக்குத்தான் அந்த மரங்கள் கூடுதலாக வியப்பளிக்கும்.

எனவே, பழைய குழிகள் எங்கெங்கே இருந்தன, தாதுவை எப்படி அலசினார்கள் என்பதைக் காட்டும் வரைபடங்களை, மக்கள் உட்கார்ந்து இளைப்பாறும் இடங்களில் தமிழ் உட்பட நம் மொழிகளில் வைக்குமாறு நகராண்மைக் கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். 1883-இல் தொடங்கப்பட்ட பேராக் அருங்காட்சியகம் இதே ஊரில் இருப்பதால், சரியான தகவலுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: பலகைகளைத் தனிக் கம்பங்களில் பொருத்துங்கள், மரங்களில் ஆணி அடிக்க வேண்டாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
தைப்பிங், பேராக்