கொல்லையில் ஒரு சின்ன வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் கொல்லையில் எங்களுக்கென்று ஒரு சின்ன வீடு கட்டப்போவதாக நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காலமெல்லாம் கட்டட வேலை பார்த்தவன் நான். நீ அனுப்பிய கலிபோர்னியா விதிகளை வரி விடாமல் படித்தேன்.

கார் ஷெட்டையே அனுமதியில்லாமல் அறையாக்கிவிடலாம், செலவு மிச்சம் என்று மாப்பிள்ளையிடம் யாரோ சொன்னார்களாமே. அது வேண்டவே வேண்டாம் அம்மா. நாங்கள் படுக்கும் அறையில் தீப்பிடித்தால் ஜன்னல் வழியாக வெளியேற முடியுமா, வயரிங் தாங்குமா என்று தெரிந்த ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும். அங்கே சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 60 நாளுக்குள் நகராட்சி முடிவு சொல்லியாக வேண்டும். 750 சதுர அடிக்குள் கட்டினால் வளர்ச்சிக் கட்டணமும் கிடையாது. எங்கள் இரண்டு பேருக்கு 600 தாராளம்.

பக்கத்திலும் பின்னாலும் எல்லையிலிருந்து 4 அடிக்கு மேல் இடைவெளி விடச் சொல்லி நகராட்சி கட்டாயப்படுத்த முடியாதாம். இடம் இருந்தால் நீயாகவே 5 அடி விடு. நம் தெருப் பழைய வீடுகளுக்குப் பக்கச் சுவர் பொது. வெளிச்சம் முற்றத்தில் இறங்கும், மழைத்தண்ணீர் கொல்லை வழியாக வாய்க்காலுக்கு ஓடிவிடும். இப்போது முற்றத்தை மூடிவிட்டு, கொல்லையிலும் எல்லைக்கல் வரை சுவர் எழுப்புகிறார்கள். பின்வீட்டில் அப்படிக் கட்டியதிலிருந்து ஐப்பசி மழைக்கு நம் கிணற்றடியில் முழங்கால் தண்ணீர். காவிரிப் படுகையில் நிலம் மட்டம். போகும் வழியை அடைத்தால் தண்ணீர் அடுத்தவன் வீட்டுக்குத்தான் போகும்.

இங்கே தமிழ்நாட்டிலும் 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, விதிப்படி கட்டுவதாக நாமே சுயசான்று கொடுத்தால் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. அலைச்சல் குறைந்தது பெரிய விஷயம். ஆனால் முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதால், வரைபடத்தில் காட்டிய இடைவெளியைத் தரையிலும் விடுவது வீட்டுக்காரர் பொறுப்பு. அதைச் செய்கிறவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அஸ்திவாரம் தோண்டுமுன் பக்கத்து வீட்டாரிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல். வாசலில் படி வைக்காதே, அம்மாவால் ஏற முடியாது. சரிவாகப் போடச் சொல். குளியலறைக் கதவு 3 அடி அகலம் இருக்கட்டும், சுவரில் கைப்பிடிக்கு இப்போதே இடம் குறித்துவிடு. வரைபடத்தைத் திருத்தியதும் அனுப்பு, அளவுகளைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா