பார்பரா ஜோர்டனைப் பற்றி கனகாவுக்கு

அன்புள்ள கனகா,

நலம்தானே? பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் முட்டி வலி இப்போது பரவாயில்லை. வீட்டு மராமத்துதான் முடிந்தபாடில்லை. அதெல்லாம் அப்புறம். பேச்சுக்குப் பேர்போன அமெரிக்க அரசியல்வாதி பார்பரா ஜோர்டனைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று கல்லூரிப் பட்டிமன்றத்தில் எங்களை வாயடைத்தவளாயிற்றே நீ! இந்தம்மா கதையைக் கேள். டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஃபிஃப்த் வார்டில் பிறந்தவர். அப்பா பாதிரியார். சட்டம் படித்துவிட்டு 1962இலும் 1964இலும் டெக்சஸ் மாநிலக் கீழவைக்கு நின்றார். அந்த நாவன்மையோடு நின்றும் இரண்டு தடவையும் தோல்வி! ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி (மாவட்டம் மாதிரி) முழுக்க ஓட்டு வாங்க வேண்டும். தன் பேட்டையில் விழுந்த ஓட்டெல்லாம் வெள்ளையர் ஓட்டில் கரைந்துபோனது. பிறகு, தொகுதிகளில் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள். 1966இல் அதே பெண், அதே குரல், மாநில மேலவைக்கு ஜெயித்துப் போனார். 1883க்குப் பிறகு அங்கே நுழைந்த முதல் கறுப்பினத்தவர். 31 பேரில் ஒரே பெண்.

அப்புறம் 1972இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்வானார். எல்லாரும் கொண்டாடுவது 1974 ஜூலையில், அப்போதைய அதிபர் நிக்சன் மீதான பதவி நீக்க விசாரணையில், அவர் பேசியதைத்தான். 1787இல் அரசியல் சட்டத்தை எழுதி முடித்தபோது ‘மக்களாகிய நாம்’ என்பதில் நான் இல்லை, நாட்டை நிறுவிய ஜார்ஜ் வாஷிங்டனும் ஹாமில்டனும் தவறுதலாக விட்டுவிட்டார்களோ என்று பல வருஷம் நினைத்திருந்தேன், திருத்தங்களாலும் தீர்ப்புகளாலும்தான் உள்ளே வந்தேன் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தீர்ப்பு என்றது மேடை அலங்காரம் இல்லை, கனகா. அவர் அரசியலுக்குள் நுழைந்ததே ஒரு தீர்ப்பால்தானே!

அடுத்த வருஷம் செய்ததை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைக் காக்க வந்த வாக்குரிமைச் சட்டத்தை 1975இல் நீட்டித்தபோது டெக்சஸையும் அதற்குள் கொண்டுவரப் பாடுபட்டார். ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே வாக்குச்சீட்டு கிடைத்தது. சொந்த மாநில ஆட்சியாளர்களே எதிர்த்தார்கள். விடவில்லை. தான் நுழைந்த கதவை அடுத்தவர்களுக்கும் திறந்துவிட்டவர்!

1979இல் பதவியை விட்டு, ஆஸ்டினில் பாடம் நடத்தப் போய்விட்டார். நரம்பு நோயை வெளியே சொல்லிக்கொள்ளவே இல்லை. 59 வயதில் இறந்தார். எனக்குத் தாங்கவில்லை.

அந்த 1974 பேச்சின் ஒலிப்பதிவை அனுப்புகிறேன். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் அழுத்திப் பேசுவார். சட்டம் படிக்கிற உன் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள். பட்டிமன்றச் சண்டைக்கு நான் தயார். சீக்கிரம் எழுது.

அன்புடன்,
வசந்தி