பூமியின் வயதும் தங்கள் இதழின் எளிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பகுதியில், கார்பன் தேதியிடல் முறையைக் கொண்டு பூமியின் வயது 450 கோடி ஆண்டுகள் என்று கண்டறியப்பட்டதாக ஒரு வாக்கியம் வந்திருக்கிறது. அதற்கு அடுத்த வாக்கியத்தைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே கட்டுரையின் பிற்பகுதி நன்றாக இருந்திருக்குமானால் கட்டுரையாளர் என்னை மன்னிக்க வேண்டும்.

கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 5,730 ஆண்டுகள் என்பது தாங்கள் அறியாததல்ல. உயிருள்ளவரை காற்றிலிருந்து கார்பனை வாங்கிக்கொண்டிருந்த மரத்துக்கும் எலும்புக்கும் உரிய அந்த முறை, சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் கைகொடுப்பதில்லை; அதற்குள் அளக்கத் தக்க அளவு கார்பன்-14 மிஞ்சியிருக்காது. பாறை எந்தக் காலத்தில் மூச்சு விட்டது என்று தங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பூமி முழுவதுமே, கடலும் மலையும் உள்ளிருக்கும் இரும்பும் எல்லாமே, கார்பன்-14 ஆல் ஆனது என்று வைத்துக்கொண்டாலும், பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் கடைசி அணுவும் சிதைந்து போயிருக்கும். 450 கோடி எங்கே, பத்து லட்சம் எங்கே!

அந்த வயதை உண்மையில் கண்டறிந்தவர் அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். யுரேனியம் சிதைந்து ஈயமாகிறது. ஆகவே விண்கற்களில் உள்ள ஈய ஐசோடோப்புகளின், அதாவது எடையில் வேறுபடும் ஈய அணு வகைகளின், விகிதத்தை அளந்து, 1956-இல் அவர் வெளியிட்ட விடை 455 கோடி ஆண்டுகள், கூட்டல் அல்லது கழித்தல் 7 கோடி. அவர் பட்ட பாட்டில் பெரும்பகுதி கணக்கில் இல்லை, சுத்தத்தில் இருந்தது. காற்றிலும் தூசியிலும் பாத்திரத்திலும் இருந்த ஈயமெல்லாம் மாதிரிக்குள் புகுந்துகொண்டே இருந்ததால், ஆய்வகத்தையே துடைத்துத் துடைத்துத்தான் அவர் அந்த எண்ணை அடைந்தார். பெட்ரோலில் கலந்த ஈயம் உலகெங்கும் பரவியிருப்பதைப் பின்னாளில் அவர் எடுத்துச் சொன்னதற்கு வித்து அங்கேதான் விழுந்தது. இத்தனையையும் தங்கள் இதழ் ஒரே வரியில் எடுத்து, வேறொருவரின் முறைக்குத் தானம் செய்துவிட்டது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தாங்கள் கேட்கலாம். புவிவேதியியல் ஆய்வகம் ஒன்றில் 29 ஆண்டுகள் பாறைகளைப் பொடித்து, யுரேனியம் கொண்ட சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளைப் பொறுக்கி, அமிலத்தில் கரைத்துக் கொடுத்தவள் நான். கட்டுரைகளில் என் பெயர் வந்ததில்லை, அதில் வருத்தமும் இல்லை. பாறையே இல்லாமல் வெறும் அமிலத்தை எல்லாப் படிகளிலும் கொண்டுசென்று அளப்பதை நாங்கள் 'பிளாங்க்' என்போம். அதில் தென்படும் ஈயம் பாறையுடையதல்ல, எங்கள் அழுக்கு. ஒருமுறை அந்த பிளாங்கில் ஈயம் ஏறிக்கொண்டே போனது. அமிலத்தை மாற்றினோம், குவளைகளை மறுபடி மறுபடி கொதிக்க வைத்தோம், ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம். மூன்று வாரம் கழித்து, புகைபோக்கிப் பெட்டியின் மேல்விளிம்பில் உதிர்ந்துகொண்டிருந்த பழைய வண்ணப்பூச்சுத்தான் காரணம் என்று தெரிந்தது. அந்த மூன்று வாரமும் நாங்கள் ஒரு வயதைக்கூட வெளியே சொல்லவில்லை. தங்களுக்கோ ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்க ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது.

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். சென்ற ஆண்டு 'பாலிமர் கலக்காத தூய பருத்தி' என்று ஒரு படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தீர்கள். பருத்தி என்பதே செல்லுலோஸ். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த பாலிமர். அதை நீக்கிவிட்டால் உடுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இப்படிப்பட்ட நீண்ட சங்கிலிகள் உண்டு என்று 1920-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் சொன்னபோது மற்ற வேதியியலாளர்களே நம்ப மறுத்தார்கள். நோபல் பரிசு வந்து சேர 1953 ஆயிற்று. அவர்களிடம் மறுக்கக் காரணங்களாவது இருந்தன. பாலிமர் என்றாலே தீயது என்று எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன்: சிர்க்கானைக் கரைக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கண்ணாடியைத் தின்றுவிடும். நாங்கள் அதை டெஃப்லான் குவளையில்தான் வைத்திருந்தோம், டெஃப்லானும் பாலிமர்தான்.

அதற்கு முந்தைய ஒரு சிறப்பிதழில் பாலித்தீன் பை மக்க 450 ஆண்டுகள் ஆகும் என்றிருந்தது. பாலித்தீன் தொழிற்கூடத்துக்கு வழி திறந்ததே 1933-இல்தான். மீதி ஆண்டுகளை யார் உட்கார்ந்து எண்ணினார்கள்? வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அதன் சங்கிலி அறுபட்டுத் துண்டாகும். வெளிச்சமும் காற்றும் எட்டாமல் புதைந்து கிடந்தால் அதே பை அப்படியே கிடக்கும். துண்டாவது வேறு, மக்குவது வேறு. இடத்துக்கும் தடிமனுக்கும் ஏற்ப மாறும் ஒன்றுக்கு ஒற்றை எண் கொடுப்பது ஆய்வல்ல, ஜோசியம். பெட்ரோலியம் டைனோசரிலிருந்து வந்தது என்ற படக்கதையைப் பற்றி நான் அப்போதே எழுதினேன். எண்ணெயின் பெரும்பகுதிக்குக் கடலடியில் படிந்த நுண்பாசியும் மிதவையுயிர்களுமே மூலம். 1930-களிலேயே ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் பச்சையத்தின் சாயலுள்ள சேர்மங்களைப் பெட்ரோலியத்தில் கண்டு காட்டிவிட்டார். என் அந்தக் கடிதத்துக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து, 'வாசகர் வசதிக்காக எளிமைப்படுத்தியுள்ளோம்' என்று ஒரு வரிப் பதில் வந்தது. எளிமைப்படுத்தினால் விவரம் குறையும், ஐயா. பாசி டைனோசர் ஆகாது.

தங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும். அதுவும் கட்டுரை வந்த அதே பக்கத்தில், ராசிபலனுக்கு அடியில் அல்ல. இனி ஓர் எண்ணை அச்சிடும் முன், அதை எப்படி அளந்தார்கள் என்று கட்டுரையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். திருத்தத்தில் அந்த 7 கோடியையும் சேர்த்தே போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குரிய குறி தங்கள் அச்சகத்தில் இல்லையென்றால், 'கூட்டல் அல்லது கழித்தல்' என்று எழுத்திலேயே போடலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
தங்கள் நெடுநாள் வாசகி