அடுத்த போக்கிமான் உலகப் போட்டியை எந்த ஊரில் வைக்கப் போகிறீர்கள்?

போக்கிமான் கம்பெனி இன்டர்நேஷனல் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். 2004-இல் ஆர்லாண்டோவில் ஆரம்பித்து 2025-இல் அனஹைம் வரை கார்டு விளையாட்டுக்கு 20 உலகப் போட்டிகள் நடத்தியிருக்கிறீர்கள் (கொரோனாவால் 2020, 2021 இரண்டும் போச்சு). அதில் அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது மொத்தமே மூன்று: 2013 வான்கூவர், 2022 லண்டன், 2023 யோகோஹாமா. மற்றதெல்லாம் சான் டியேகோ, ஹவாய், அனஹைம், வாஷிங்டன் என்று அந்த ஒரே நாட்டுக்குள்தான். 2026-க்கும் சான் பிரான்சிஸ்கோ. 1996-இல் ஜப்பானில் பிறந்த விளையாட்டு, தன் சொந்த ஊரில் உலகப் போட்டியைப் பார்க்க 2023 வரை காத்திருந்தது. இதை என்ன சொல்ல!

அமெரிக்கா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அரங்கம் நன்றாக இருக்கிறது, ஏற்பாடும் குறை சொல்ல முடியாதது. பிரச்சினை விசா.

உங்கள் சீசன் எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் மாதக்கணக்கில் ரீஜனல் (வட்டாரப் போட்டி), இன்டர்நேஷனல் (அதைவிடப் பெரிய சர்வதேசப் போட்டி) என்று ஊர் ஊராக அலைந்து, உலகப் போட்டிக்குத் தகுதி பெறப் பாயின்ட் சேர்க்கிறார். வட அமெரிக்க இன்டர்நேஷனல் ஜூனில் முடிகிறது, உலகப் போட்டி ஆகஸ்ட்டில். விளிம்பில் இருக்கிற ஆட்டக்காரருக்கு இடம் உறுதி என்று தெரிவதே ஜூன் கடைசியில்தான். அதற்கப்புறம் அவர் விசாவுக்கு 185 டாலர் கட்டி (மறுத்துவிட்டால் அந்தப் பணம் திரும்ப வராது) இன்டர்வியூவுக்குத் தேதி கேட்க வேண்டும், அது பல ஊர்களில் மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. தேதி கிடைத்தாலும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பத்தொன்பது வயதுப் பையன் என்ன சொல்வான்? வேலை இல்லை, சொத்து இல்லை, போக்கிமான் கார்டு ஆடப் போகிறேன் என்பான். வருகிறவர் குடியேறத்தான் வருகிறார் என்று வைத்துக்கொண்டுதான் அவர்கள் சட்டமே ஆரம்பிக்கிறது. இல்லை, திரும்பிவிடுவேன் என்று நிரூபிப்பது விண்ணப்பிப்பவர் தலையில். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போக இவ்வளவு போதும்.

சின்னப் பிள்ளைகள் ஆடும் ஜூனியர் பிரிவைப் பற்றி யோசித்தீர்களா? 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முன்பெல்லாம் பெரும்பாலும் நேரில் போகாமலே விசா கிடைத்துவிடும். 2025 செப்டம்பர் 2 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. முதல் தடவை டெக்கை, அதாவது தன் கார்டுக் கட்டை, பிரித்துப் பார்க்கும்போதே, 60 கார்டில் என்னென்ன இல்லை என்று மனசுக்குள் எண்ணி, ஆட்டத் தொடக்கத்தில் பார்க்காமல் கவிழ்த்து வைத்த ஆறு பிரைஸ் கார்டும் இன்னின்னது என்று கணக்குப் போட்டுவிடுகிற பத்து வயதுக் குழந்தை, அப்பா அம்மாவோடு தூதரகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். மூவரில் ஒருவருக்கு இல்லை என்று சொன்னாலும் பயணம் அவ்வளவுதான். வெனிசுவேலா போன்ற நாடுகளின் கதை இன்னும் மோசம், 2025 ஜூன் முதல் அங்கிருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

2024-இல் ஹவாயின் ஹொனலுலுவில் பெரியவர்களுக்கான மாஸ்டர்ஸ் பிரிவில் ஜெயித்தது சிலி நாட்டின் ஃபெர்னாண்டோ சிஃபுவென்டெஸ், வயது 18, பரிசு 50,000 டாலர். (அங்கே காலை 9 மணி என்றால் இங்கே இந்தியாவில் நள்ளிரவு 12.30, தூக்கத்தைத் தொலைத்துத்தான் பார்க்க வேண்டும்.) அயர்ன் தார்ன்ஸ் இஎக்ஸ் என்ற போக்கிமான் கார்டை முன்னால் நிறுத்திவிட்டால் எதிராளியின் பெரிய போக்கிமான்களின் திறன்கள் அநேகமாக எதுவும் வேலை செய்யாது, பார்க்கிறவர்களுக்கு அலுப்பான டெக்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு நிதானமாக ஆடினார். ஊர் திரும்பியவரை அப்போதைய சிலி அதிபர் கபிரியேல் போரிச்சே மாளிகைக்கு அழைத்துப் பாராட்டினார். உங்களுக்கும் நல்ல விளம்பரம். சரி, லத்தீன் அமெரிக்காவிலேயே விசா இல்லாமல் அமெரிக்கா போக முடிகிற ஒரே நாடு சிலி என்பதைக் கவனித்தீர்களா? அவர் பக்கத்து நாடான பெருவில் பிறந்திருந்தால் முதலில் ஒரு அதிகாரியை ஜெயித்துவிட்டுத்தான் ஹொனலுலு வந்திருக்க முடியும். 2017-இல் அர்ஜென்டினாவின் டியேகோ காசிராகா அதையும் தாண்டி வந்துதான் அனஹைமில் பட்டம் வாங்கினார். அவருடைய டெக்கை அவர் கையெழுத்தோடு அச்சடித்துப் பெட்டி போட்டு விற்றீர்கள். அப்படி வர முடியாமல் போனவர்களின் டெக் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

எல்லோருக்கும் விசா இல்லாத ஊர் ஒன்று கிடையாது, தெரியும். 2022-இல் லண்டன் என்றதும் பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, மலேசியா பாஸ்போர்ட்காரர்கள் விசா கேட்காமல் விமானம் ஏற முடிந்தது. இந்தியர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் அப்போதும் வரிசையில்தான். அதனால்தான் மாற்றி மாற்றி வையுங்கள் என்கிறேன், இந்த வருடம் சிரமப்பட்டவர் அடுத்த வருடமாவது நிம்மதியாகப் போகட்டும். சாவோ பாலோவில் லத்தீன் அமெரிக்க இன்டர்நேஷனலை நீங்களே நடத்துகிறீர்கள், அரங்கம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2025 ஏப்ரலிலிருந்து பிரேசில் அமெரிக்கர்களிடம் விசா கேட்கிறது. ஆன்லைனில் கிடைக்கிற இ-விசாதான், பயப்பட வேண்டாம்.

ஊரை மாற்ற முடியாத வருடங்களில் விசா தேவைப்படும் நாட்டுக்காரர்களுக்கு மட்டுமாவது ஒரு பகுதி இடங்களை மார்ச்சுக்குள் முடிவு செய்யுங்கள். அப்புறம், தகுதி பெற்றும் விசா மறுக்கப்பட்டவரின் இடத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றிக் கொடுங்கள். மறுப்புக் கடிதத்தை அனுப்பச் சொன்னால் யாரும் ஏமாற்றவும் முடியாது. இதற்கு உங்களுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

அடுத்த ஊரை வழக்கமாக நிறைவு விழா மேடையில்தான் அறிவிப்பீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் அந்த வீடியோ ஓடும்போது இன்னொரு அமெரிக்க நகரம் வந்தால், அரங்கத்தில் இருப்பவர்கள் கைதட்டத்தான் செய்வார்கள். அவர்களுக்குத்தான் விசா கிடைத்துவிட்டதே.

இப்படிக்கு,
ஸ்ட்ரீமில் மட்டும் பார்க்கிற ஒரு ரசிகன்