தரம் 10 மாணவர்களின் மயானப் பயணம் தொடர்பாக

அன்பார்ந்த பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வரும் சனிக்கிழமை காலை, வரலாற்றுப் பாடத்தின் ஒரு பகுதியாக, தரம் 10 மாணவர்களைப் பொரளை கனத்தை மயானத்துக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். பராமரிப்பின்றிக் கிடக்கும் பழைய படைவீரர் கல்லறைகளைப் பார்த்து, எழுத்துகளை வாசித்துப் பதிவு செய்வதே நோக்கம். மயானத்துக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்குபவர்கள் காரணம் எதுவும் எழுத வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே பயிற்சி உண்டு.

ஒரு தந்தை என்னிடம் நேரில் கேட்டதற்கு மட்டும் உங்கள் எல்லோருக்குமாகப் பதில் எழுத விரும்புகிறேன். "எங்களை ஆண்டவர்களின் சிப்பாய்களுடைய கல்லறையை எங்கள் பிள்ளைகள் ஏன் துடைக்க வேண்டும்?" நியாயமான கேள்வி.

கொழும்பில் மடிந்த வீரர்கள் எல்லோரும் வெள்ளையர் அல்லர். லிவரமென்டு மயானத்தில், தங்கள் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட வீரர்களுக்கென்றே தனியாக ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் இந்த நகரத்தின் மீது குண்டு வீசின. அந்தக் காலத்தில் இறந்தவர்களின் பெயர்களில் நம் பக்கத்துப் பெயர்களும் உண்டு. பிரித்தானியப் பேரரசின் படைகளில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிக்க 1917 இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணைக்குழு, பதவி, இனம், மதம் பாராமல் இறந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வதாக வாக்களித்தது. அந்த வாக்கு முழுதாகக் காக்கப்படவில்லை. முதலாம் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆபிரிக்கரும் எகிப்தியரும், பெயர் பொறிக்கப்படாமலே விடப்பட்டார்கள் என்று 2021 இல் ஆணைக்குழுவே ஒப்புக்கொண்டது. பெயர் இல்லாமல் போவது எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே புதைக்கப்பட்டார் என்று தெரியாத ஓர் உறவு நம்மில் எத்தனையோ வீடுகளில் உண்டு. பிறருடைய கல்லில் எஞ்சியிருக்கும் பெயரை ஒரு பிள்ளை பொறுமையாக எழுத்துக்கூட்டி வாசிப்பதை நான் அந்த நினைவோடுதான் பார்க்கிறேன்.

இது வழக்கமான சிரமதானம் அன்று என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆணைக்குழுவின் பொறுப்பிலுள்ள கல்லறைகளைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். மற்றவற்றில் மயான நிருவாகம் அனுமதித்த கற்களை மட்டும், வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவுவார்கள். இரும்புத் தூரிகை, சலவைத் தூள், குளோரின், அமிலம் எதுவும் வேண்டாம். தயவுசெய்து இதை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இளமையில் எங்கள் ஊர்ச் சேமக்காலையில் என் பாட்டனாரின் கல்லறையை வெண்மையாக்க நினைத்து, கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றினேன். பளிங்கும் சுண்ணக்கல்லும் அமிலத்தில் கரையும் என்பது வேதியியலில் நான் படித்ததுதான். அன்று கை முந்திக்கொண்டது. கல் அன்றைக்குப் பளிச்சென்றிருந்தது. மழைக்காலம் முடிந்தபோது மேற்பரப்பு சொரசொரப்பாகி, பாசி முன்னைவிட அடர்த்தியாகப் பிடித்திருந்தது, பிறந்த ஆண்டின் இலக்கங்கள் மங்கிவிட்டன. பாட்டனார் பிறந்த ஆண்டை இன்று அந்தக் கல்லில் யாராலும் வாசிக்க முடியாது.

வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவதும் அப்படித்தான். வேரோடு கட்டுமானமும் பெயர்ந்து வரும். பழைய சுண்ணாம்புக் கட்டுக்குச் சீமெந்து பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லையே அரிக்கும். அதனால்தான் பிள்ளைகளின் பெரும்பகுதி வேலை எழுத்து வேலையாக இருக்கும்: பெயர், திகதி, படைப்பிரிவு, கல்லின் நிலை, ஒரு படம்.

காலை 7 மணிக்கே போவதற்கும் காரணம் உண்டு. சூரியன் தாழ்ந்திருக்கும்போது வெளிச்சம் கல்லின் மீது சாய்வாக விழும். தேய்ந்த எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் தங்கும். மரநிழலில் உள்ள கல்லுக்கு ஒரு கைக்கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும். வெறுங்கல் என்று நினைத்த இடத்தில் ஒரு பெயர் எழுந்து வரும். முன்னேற்பாட்டுக்காகச் சென்றபோது வரலாற்று ஆசிரியையும் நானும் அப்படி ஒரு பெயரைப் பாதிவரை வாசித்தோம். மீதியைப் பிள்ளைகளுக்கு விட்டு வைத்திருக்கிறோம்.

திரும்பும் வழியில் விகாரமகாதேவி பூங்காவிலுள்ள போர் நினைவுத் தூணைப் பார்ப்போம். கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த அந்தத் தூண் முதலில் காலிமுகத்திடலில் நின்றது. இரண்டாம் உலகப் போரில் எதிரிக்கு அது இலக்குக் காட்டும் அடையாளமாகிவிடும் என்று அஞ்சி இடம் மாற்றினார்கள்.

பிள்ளைகள் மூடிய சப்பாத்து, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பென்சில், வீட்டிலிருந்தால் ஒரு சிறிய கைக்கண்ணாடி ஆகியவற்றுடன் 6.30 மணிக்குப் பாடசாலைக்கு வர வேண்டும். முற்பகல் 11 மணிக்குத் திரும்பிவிடுவோம். ஒப்புதல் படிவத்தை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

பெற்றோர்களில் கல்லில் எழுத்துக் கொத்தும் தொழில் தெரிந்தவர்கள் இருந்தால், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வந்து உளி பிடிக்கும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா? அலுவலகத்தில் ஒரு சொல் சொன்னால் போதும், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அதிபர்